இஸ்திரி போட்ட கடிதம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

பொடி எழுதுவது. நலம் என்று தொடங்கப் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தையிலேயே கை நின்றுவிட்டது. நலமா இல்லையா என்று படித்துவிட்டு நீயே சொல்.

வீட்டுக்கு எழுதாமல் கல்லூரியில் உன் துறை முகவரிக்கு எழுதியதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாய். வேறு வழியில்லை. போன் செய்தால் அம்மா எடுக்கிறாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுகிறாள். செய்தி அனுப்பினால் உனக்கு முன்னால் படித்து, வீடு முழுக்கக் கேட்க வாசிக்கிறாள். உன் கைப்பேசி உன்னுடையது என்பது பேருக்குத்தான்.

விஷயம் இதுதான். தள்ளிப் போயிருக்கிறது. வீட்டிலேயே பார்த்தேன், பிறகு டாக்டரம்மாவிடமும் போய்வந்தேன். உறுதி. முப்பத்தெட்டு வயதில், மூன்றாவது முறை. முதல் இரண்டும் என்ன ஆயின என்று உனக்குத் தெரியும். இரண்டாவது முறை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தவள் நீதான். அதனால் நாலு மாதம் தாண்டும்வரை அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இன்னொரு தடவை அவளால் தாங்க முடியாது. என்னாலும்தான்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இந்தப் பாழாய்ப்போன நோய். கண்ணாடிக் கடையில் என் வேலையை நீ பார்த்திருக்கிறாய். எனக்கும் வருகிறவர் முகத்துக்கும் ஒரு சாண் தூரம். கண்மணிகளுக்கு நடுவே அளவெடுக்க வேண்டும், பிரேமை மூக்கில் உட்காரவைக்க வேண்டும், காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துவிட வேண்டும். முகக்கவசத்தோடு கண்ணாடி போட்டால் ஆவி படிகிறது என்று அதை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். "கொஞ்சம் ஏத்திக்குங்க" என்றால், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீங்க பயப்படாதீங்க" என்கிறார்கள். அதைச் சொல்லும்போது வரும் காற்றுதான் எனக்குப் பயம்.

வேலைக்குப் போகலாமா, நின்றுவிடலாமா? நீ புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். கணக்குப் போட்டுச் சொல்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் முடித்தால் கோபித்துக்கொள்வாய். கேட்டுவிட்டேன்.

உன் பொடி


பிப்ரவரி 22

அன்புள்ள பொடிக்கு,

நானும் அம்மாவும் நலம். இது எழுதும் நேரத்து நிலவரம். கடிதம் உன் கைக்கு வரும்போது என்னவோ, அதற்கு நான் பொறுப்பில்லை. முழங்கால் அப்படியே இருக்கிறது, அதற்கு மட்டும் பொறுப்பேற்கலாம்.

வகுப்புகள் எல்லாம் திரையில் நடப்பதால் கல்லூரிக்கு எப்போதாவதுதான் போகிறேன். உன் கடிதம் வாயிலிலேயே கிடந்திருக்கிறது. காவலாளி அதை இடுக்கியால் பிடித்து நீட்டினார். துறையில் என் நாற்காலி முழுக்கத் தூசி. துடைக்காமலே உட்கார்ந்து படித்தேன்.

சந்தோஷம். இதைத் தனி வரியாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

கணக்குக் கேட்டாய். கிடைத்த கட்டுரைகளைப் படித்தேன். கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாகலாம் என்கிறார்கள். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். ஆனாலும் இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வைத்துச் சொன்னது. வராமலே குணமானவர்களை யார் எண்ணினார்கள்? ஆனாலும் அதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது. ஆனாலும் வேலையை விட்டுவிட்டு நாலு சுவருக்குள் கவலைப்பட்டுக்கொண்டிருப்பதும் உடம்புக்கு ஆகாது.

எழுதிய பிறகுதான் பார்த்தேன், ஒரே பத்தியில் மூன்று. எனக்கு 'ஆனாலும் அக்கா' என்று பேர் வைத்தவள் நீ. இதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஒன்று செய்யலாம். முதலாளியிடம் கேட்டு லென்ஸ் தேய்க்கும் உள்ளறைக்கு மாறிக்கொள். அங்கே முகங்கள் இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. "அவ ஏன் போன்ல மூச்சு வாங்குறா?" என்று நேற்றுக் கேட்டாள். மாடிப்படி ஏறியிருப்பாள் என்றேன். "அவ வீடு தரைத்தளம்தானே" என்றாள். நான் வகுப்பு இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரரை, அந்த ஐஸ்காரரை, விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நலத்துக்கு நீ போட்ட நிபந்தனைகளோடு கடிதம் கிடைத்தது. அதை ஜன்னல் கட்டையில் மூன்று நாள் காயவைத்துவிட்டுத்தான் பிரித்தேன். காகிதத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்கிறார்கள். கண்ணெதிரே உன் கையெழுத்து கிடக்கிறது, தொட முடியவில்லை. நீ 'ஆமாம்' என்று எழுதியிருக்கிறாயா 'இல்லை' என்றா என்று வெளியிலிருந்தே உறையை வெறித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டும் இல்லை.

இப்போது என் குழப்பத்தைக் கேள். காலையில் எழுந்தால் குமட்டல். இது கர்ப்பத்தாலா, நோயாலா? உடம்பு வலி. அதுவா, இதுவா? மூச்சு வாங்குகிறது, களைப்பு, தலைவலி. நோய்க்கு என்னென்ன அறிகுறி என்று ஒட்டியிருக்கிறார்களோ அத்தனையும் கர்ப்பத்துக்கும் உண்டு என்கிறாள் டாக்டரம்மா. வாசனை தெரியாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று நாத்தனார் சொன்னாள். அதனால் தினமும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்கிறேன். எனக்கோ உலகத்தில் உள்ள எல்லா வாசனையும் தெரிகிறது. பக்கத்து வீட்டு சோப்பு தெரிகிறது. காப்பித்தூளை முகர்ந்ததும் வாந்தி வருகிறது. வாந்தி வந்தால் நிம்மதி, பரவாயில்லை, மூக்கு வேலை செய்கிறது என்று.

முந்தாநாள் ஒருவருக்குக் காதுக்கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது தும்மிவிட்டார். அப்படியே நின்றுவிட்டேன். "தூசிம்மா" என்றார். அன்றைக்கே முதலாளியிடம் கேட்டேன். நீ சொன்னதுபோல உள்ளறை கிடைத்துவிட்டது. லென்ஸ் தேய்ப்பவர் என் இடத்துக்கு முன்னால் வந்துவிட்டார். "நான் எத்தனை பேரு முகத்தைப் பாத்தவன், நீ போம்மா" என்றார். முப்பது வருஷமாக உள்ளறையில் இருந்தவர் எந்த முகத்தைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

சூட்டில் கிருமி சாகும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னதிலிருந்து முகக்கவசங்களையும் செய்தித்தாளையும் இஸ்திரி போடுகிறேன். ஐஸ்காரர் சிரிக்கிறார். குளிர்கிடங்கில் உறைந்த மீனுக்கும் பட்டாணிக்கும் நடுவே நாளைக் கழித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பெண்டாட்டி செய்தித்தாளைச் சுடச்சுடக் கையில் கொடுக்கிறாளாம்.

போன தடவை போனில் அம்மா இருமினாளே, அது போய்விட்டதா? உனக்கு ஒன்றும் இல்லையே?

பொடி


ஏப்ரல் 2

அன்புள்ள பொடிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு இருமல் இல்லை, என்மேல் சந்தேகம்தான் இருக்கிறது.

ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் இருந்தால், எது அதிகம் நடக்கக்கூடியதோ அதை முதலில் நினைக்க வேண்டும். நீ கர்ப்பிணி. ஆகவே அது கர்ப்பம். ஆனாலும் காய்ச்சல் வந்தால் காத்திருக்காதே.

செய்தித்தாளை இஸ்திரி போட்டால் செய்தி நேராகிவிடாது. வகுப்பில் நான் சொல்வதுண்டு: தெரியாத கேள்விக்கு நாலு பக்கம் கதை அளக்காதே, வெள்ளைத் தாளைக் கொடு, அப்படிக் கொடுப்பவளை மதிக்கிறேன் என்று. இப்போது பேசுகிறவர்களில் ஒருவர்கூட வெள்ளைத் தாள் கொடுக்கத் தயாராக இல்லை. காகிதத்தால் பரவுவதற்குப் பெரிய ஆதாரமும் இல்லை. என் கடிதத்தைக் காயப்போடாதே.

உள்ளறை கிடைத்தது நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிறும் நலம். நாலு மாதம் தாண்டிவிட்டது. இதுவரை நான் வராத இடம் இது. இங்கே நிலம் எப்படி என்று தெரியாமல் கால் வைக்கிறேன்.

லென்ஸ் தேய்ப்பவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்களாம். கடையில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பழைய ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய கல்லில் நான் லென்ஸ் தேய்க்கிறேன். அவர் மனைவிக்குப் போன் செய்தேன். "நீ என்னம்மா பண்ணுவ, புள்ளத்தாச்சி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது தடுப்பூசி விஷயம். போன மாதம் டாக்டரம்மா, "கர்ப்பிணிகளுக்குப் போடச் சொல்லி இன்னும் வரல, பொறுங்க" என்றாள். இந்த மாதம், "போட்டுக்கலாம், உங்க விருப்பம்" என்கிறாள். "நீங்களா இருந்தா போட்டுப்பீங்களா?" என்றேன். "நான் கர்ப்பமா இல்லையே" என்றாள். நாத்தனார், குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதாகச் சொல்கிறாள். யார் என்று கேட்டால் எல்லோருமாம். முதலாளியோ ஊசி போடாவிட்டால் நோய் வந்து நானும் போவேன், பிள்ளையும் போகும் என்கிறார். ஐஸ்காரர், "உனக்கு என்ன தோணுது?" என்று என்னையே கேட்கிறார். எனக்குத் தோன்றினால் நான் ஏன் ஊரெல்லாம் கேட்கிறேன்?

இது போனால் இன்னொன்று இல்லை அக்கா. அதனால் கேட்கிறேன். போடவா, வேண்டாமா? ஒரே வார்த்தை. 'ஆனாலும்' இல்லாமல். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

அம்மாவுக்கு இனிமேல் சொல்லலாம். நீயே சொல், எனக்கு நா எழாது. கால் வலியோடு நின்றுகொண்டே வகுப்பெடுக்காதே.

பொடி


மே 13

அன்புள்ள பொடிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை அழிக்கும் பேனாவால் எழுதுகிறேன். மதிப்பெண் கூட்டும்போது திருத்த வசதியாக வாங்கியது. பின்முனையால் தேய்த்தால் அந்தச் சூட்டில் மை மறைந்து தாள் சுத்தமாகிவிடும். மற்றக் கடிதங்களுக்குச் சாதாரணப் பேனா போதுமாக இருந்தது. இதற்குப் போதவில்லை. எழுதுகிறேன், தேய்க்கிறேன், மறுபடி எழுதுகிறேன். ஒரு வாரமாக இதே தாள்கள்தான்.

உள்ளறைக்குப் போ என்று நான்தான் சொன்னேன். அங்கே இருந்தவர் எங்கே போவார் என்று யோசிக்கவில்லை. அது நடந்த பிறகு ஒரே வார்த்தை கேட்கிறாய்.

தெரிந்ததை முதலில் சொல்கிறேன். நோயால் ஆபத்து உண்டு என்பது தெரிந்தது. ஊசியைப் பற்றிக் கர்ப்பிணிகளிடம் இதுவரை கிடைத்த தகவல் நல்லதாகவே இருக்கிறது, ஆனால் குறைவு. ஒரு மாணவி இந்த இரண்டையும் எழுதிவிட்டு, ஆகவே காத்திருக்கலாம் என்று முடித்திருந்தால், முடிவு தவறு, தெரிந்த ஆபத்தைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன். நீ மாணவி இல்லை. அன்றைக்கு நடையில் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, "நீங்கதான் அக்காவா?" என்று கேட்டாளே, அந்தக் குரல் இன்னும் போகவில்லை. இன்னொரு தடவை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்து, அதற்கு என் வார்த்தையே காரணமாக இருந்தால்?

எனக்குப் பயமாக இருக்கிறது.

வேண்டாம். குழந்தை பிறக்கும்வரை பொறு. வேலையை விட்டுவிடு. வீட்டுக்குள் இரு, யாரையும் சேர்க்காதே. ஒரே வார்த்தை கேட்டாய், சொல்லிவிட்டேன்.

கிடைத்ததும் எழுது. என்னை நினைத்துச் சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உண்மையாகவே நலம், இந்த வருஷத்தில் முதல் தடவையாக.

உன் கடிதத்துக்கு நன்றி. அந்தக் கடிதத்தை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை, நீ எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான்.

காயப்போடாதே என்று சொல்லியிருந்தாய். ஆனால் அப்படியே பிரிக்கவும் மனம் வரவில்லை, மூன்று நாள் காத்திருக்கவும் பொறுமை இல்லை. அதனால் உறையோடு இரண்டு பக்கமும் அழுத்தி இஸ்திரி போட்டுப் பிரித்தேன். நான்கு தாள்கள். ஒரு எழுத்துக்கூட இல்லை. திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐஸ்காரரிடம் காட்டினேன். "உங்க அக்கா பேச்சே குறைச்சல், இப்ப எழுத்தும் குறைஞ்சிருச்சா?" என்றார். முதலில் கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டதற்கு இப்படியா?

பிறகுதான் ஞாபகம் வந்தது. தெரியாவிட்டால் வெள்ளைத் தாளைக் கொடு. நான்கு தாளும் மடிப்புக் கலையாமல், ஒன்றும் எழுதாமல். உனக்கே தெரியவில்லை என்றால் இது தெரியக்கூடிய விஷயம் இல்லை. அப்படியானால் எனக்குத் தெரியாதது என் முட்டாள்தனம் இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன், அழுத பிறகு பசித்தது.

லென்ஸ் தேய்ப்பவரின் ஸ்டூலை நினைத்தேன். மறுநாளே போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

வரிசையில் வயிற்றோடு நின்றவள் நான் ஒருத்திதான். எல்லோரும் வழிவிட்டார்கள். பயத்திலா மரியாதையிலா தெரியவில்லை. நர்ஸ், "எத்தனாவது மாசம்?" என்றாள். ஆறு என்றேன். "வீட்ல யார் போட்டுக்கச் சொன்னாங்க?" என்றாள். "யாரும் சொல்லல" என்றேன். "தைரியம்தான்" என்றாள். தைரியம் இல்லை என்று சொல்வதற்குள் போட்டுவிட்டாள். அன்று முழுக்கக் கை வலித்தது. மறுநாள் உள்ளே ஒரு உதை. என் ஞாபகத்தில் யாரும் என்னை இவ்வளவு சந்தோஷமாக உதைத்ததில்லை.

வேலையை விடவில்லை. முதலாளி கடை முகப்பில் ஒரு கண்ணாடித் தடுப்பு போட்டுவிட்டார்.

அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னாயா? அவள் உடம்பு எப்படி?

பொடி


ஜூன் 26

அன்புள்ள பொடிக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ இஸ்திரி போட்ட இடத்தை மூன்றாவது முறையும் படித்தேன்.

நீ செய்தது சரி. இப்போது வரும் கட்டுரைகளும் அப்படித்தான் சொல்கின்றன. உன் டாக்டரம்மா சொல்கிறபடி அடுத்த ஊசியையும் போட்டுக்கொள்.

அம்மாவிடம் சொன்னேன். "இப்பத்தான் சொல்ற" என்றாள். மூச்சு வாங்கியதிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். "நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட மறைக்கிறதுக்கு நான் ஒத்துழைக்க வேண்டாமா?" என்றாள். இத்தனை நாள் ஸ்பீக்கரில் போட்டு உன் மூச்சைத்தான் கேட்டிருக்கிறாள்.

அந்தத் தாள்களைத் தூக்கிப்போட்டுவிடு. வெள்ளைத் தாளைப் பத்திரப்படுத்த என்ன இருக்கிறது? இஸ்திரி போட்ட காகிதம் சீக்கிரம் மக்கிப்போகும்.

தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை, நலமில்லை என்றும் எழுத முடியவில்லை. ஐஸ்காரருக்குப் பாசிட்டிவ்.

அவர் முன்னறையில், நான் பின்னறையில். நடுவில் கதவு. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு நான் விலகிய பிறகு அவர் எடுக்கிறார்.

"ஏய், இருக்கியா?" என்பார்.

"எங்க போவேன்?"

"வயிறு?"

"என்கூடத்தான் இருக்கு."

"உதைக்குதா?"

"உங்களைக் கேட்டு உதைக்குது."

அவர் சிரித்தால் இருமல் வருகிறது. அதனால் சிரிக்க வைக்காமல் பேசப் பார்க்கிறேன், அது எங்களுக்குப் பழக்கமில்லை.

எனக்குத் தொண்டை கரகரக்கிறது. இரண்டு நாள் உடம்பு சுட்டது, பிறகு விட்டுவிட்டது. பரிசோதனைக்குச் சளி எடுத்துப்போனார்கள். முடிவு வந்தது: 'தெளிவில்லை. மறுபடி எடுக்கவும்.' மறுபடி எடுத்தார்கள், அது எங்கேயோ தொலைந்துவிட்டது. வந்ததா, வந்து போனதா, வரவே இல்லையா? காப்பித்தூளை முகர்ந்தேன். லேசாகத் தெரிந்தது. அது காப்பித்தூள் பழசானதாலா? குழந்தை அசையாமல் இருந்தால் பயம், அதிகமாக அசைந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறதோ என்று பயம்.

தாள்களைத் தூக்கிப்போடச் சொன்னாய். அதற்குள் ஐஸ்காரர் குளிர்கிடங்குக்கு எடுத்துப்போய்விட்டார். பெட்டிகளின் எடையைக் குறிக்க அவருக்கு எப்போதும் காகிதம் வேண்டும்.

நீயும் அம்மாவும் வெளியே போகாதீர்கள்.

பொடி


ஆகஸ்ட் 4

அன்புள்ள பொடிக்கு,

நாங்கள் இருக்கிறோம். கடிதத்தைப் படித்தவுடன் துறையிலிருந்தே போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய். நீ கேட்டாய், நானும் சாப்பிட்டேன் என்றேன். இத்தனைக்கும் அம்மா பக்கத்தில் இல்லை. நமக்குக் கடிதம்தான் சரிப்படும்போல.

ஐஸ்காரர் தேறிவிட்டார் என்று கேட்டதில் நிம்மதி. டாக்டரம்மா குழந்தையின் இதயத்துடிப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னதையும் சொன்னாய். அது தெளிவான முடிவு. அதைப் பிடித்துக்கொள்.

அந்தத் தாள்கள் குளிர்கிடங்கிலேயே இருக்கின்றனவா? அவர் அவற்றின்மேல் எடையை எழுதிவிட்டாரா? எழுதியிருந்தால் சரி. எழுதாவிட்டாலும் சரி. அவசரமில்லை, சும்மா கேட்டேன்.

இடப்பக்கமாகப் படுத்துக்கொள் என்கிறார்கள். அம்மா சொல்லச் சொன்னாள்.

அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். 'மூவரும்' என்று எழுதிவிட்டு அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் என்று போனிலேயே கேட்டிருப்பாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே சொன்னாளாமே. குட்டி மூக்கு, கண்ணாடி நிற்காது. லென்ஸ் தேய்ப்பவர் வந்து வாசலில் நின்று பார்த்தார். ஆள் பாதியாகிவிட்டார், குரலும் பாதி. "என் ஸ்டூலைக் குடுத்துரு" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ தூக்கிப்போடச் சொன்ன கடிதம் வருவதற்கு முன்பே ஐஸ்காரர் அந்தத் தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கிடங்கில் இரவெல்லாம் உறைந்து கிடந்த தாள்களைக் காலையில் எடுத்து எடை எழுதப் போனால், அவற்றில் ஏற்கெனவே யாரோ எழுதியிருக்கிறார்களாம். "உங்க அக்கா குளிர்ல வச்சாத்தான் பேசுவாங்கபோல" என்று நீட்டினார்.

படித்தேன். 'வேண்டாம்' என்று இருந்தது. நான் அப்போது போட்டுக்கொண்டாகிவிட்டது. சில நாள் உன்மேல் கோபம். எதற்கு என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னதற்கா, அதைச் சொல்லாமல் விட்டதற்கா? சரி என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தில் ஒரு 'ஆனாலும்'கூட இல்லை. உனக்கு எதுவோ சரியில்லை என்று அதிலேயே புரிந்துவிட்டது. அதனால்தான் நானும் ஒன்றும் எழுதவில்லை.

அப்புறம் ஒரு நாள் கடையில் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் படித்தேன். நீ தேய்த்து அழித்ததெல்லாமும் குளிரில் திரும்பி வந்திருக்கிறது அக்கா, உனக்குத் தெரியுமா? 'வேண்டாம்' என்பதற்கு அடியில் 'போட்டுக்கொள்' இருக்கிறது. அதற்கும் அடியில் மறுபடி ஒரு 'வேண்டாம்'. 'வேலையை விட்டுவிடு' என்பதற்குக் கீழே 'வேலையை விடாதே'. ஒன்றன்மேல் ஒன்றாக, காக்காய்க்கூடு மாதிரி. ஊரெல்லாம் கேட்டுவிட்டு நான் எவ்வளவு குழம்பினேனோ அத்தனையும் உன் கையெழுத்தில்.

ஒரே ஒரு வரியில்தான் அடியில் எதுவும் இல்லை. எழுதியதை நீ தேய்க்கவே இல்லை.

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, அதன் முனையை மட்டும் வைத்து, மற்ற வரிகளை மெதுவாக எடுத்துவிட்டேன். இப்போது நான்கு தாள்களிலும் சேர்த்து அந்த ஒரு வரிதான் இருக்கிறது: 'எனக்குப் பயமாக இருக்கிறது.' அதைத் தரமாட்டேன், நான் வைத்துக்கொள்கிறேன். யாரும் எனக்கு அப்படி எழுதியதில்லை. எல்லோரும் பயப்படாதே என்றுதான் எழுதினார்கள்.

இந்தத் தடவை நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து கேட்க வெளியில் நீ இல்லை, யாரையும் உள்ளே விடவில்லை. யாரிடமும் கேட்காமல் குழந்தையை நேராக என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

பார்க்க வருவாயா? ரயிலில் கூட்டம் என்கிறார்கள். மறுபடியும் பரவுகிறது என்கிறார்கள், இல்லை என்றும் சொல்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கமாட்டேன். முழங்கால் எப்படி?

பொடி


அக்டோபர் 9

அன்புள்ள பொடிக்கு,

இதைச் சாதாரணப் பேனாவால் எழுதுகிறேன். இஸ்திரி போட்டாலும் போகாது.

நலம், நீங்கள் மூவரும் நலமென்று படித்தபடியால்.

ரயிலைப் பற்றி இரண்டு பேரிடம் விசாரித்தேன், இரண்டு விதமாகச் சொன்னார்கள். அம்மா பையைக் கட்டிவைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இன்னும் பயம்தான்.

ஆனாலும் வருகிறோம்.

அக்கா